வன்னிப் பிள்ளைகளை விடுமுறை முகாமுக்கு அனுப்ப உதவுவது எப்படி?

கேள்வி: "நாங்கள் கனடாவில் இருக்கும் ஒரு கிராம ஒன்றியத்தினர். எங்கள் பிள்ளைகள் கோடையில் முகாம்களுக்குப் போய் வருகிறார்கள். முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கத்தில் கஷ்டப்படும் குடும்பத்துப் பிள்ளைகளும் ஓகஸ்ட் விடுமுறையில் அப்படி ஒரு முகாமுக்குப் போக உதவித்தொகை கொடுக்க விரும்புகிறோம். யாரைத் தெரிவு செய்வது? எதற்கெல்லாம் கொடுப்பது? காசை எப்படி அனுப்புவது? இது வீண் செலவு, அந்தக் காசுக்குக் கொப்பி புத்தகம் வாங்கிக் கொடுக்கலாம் என்று எங்களுக்குள்ளேயே சிலர் சொல்கிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது?"

கட்டணத்தை மட்டும் கட்டினால் பிள்ளை முகாமுக்கு வராது. உங்கள் எல்லாக் கேள்விகளுக்கும் என் பதில் இதிலிருந்துதான் கிளைக்கிறது என்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். கிளிநொச்சியில் ஆசிரியராக இருந்த காலத்திலும் அதற்குப் பின்னரும் சாரணர் பாசறைகள், அறிவியல் முகாம்கள், நாடகப் பட்டறைகள் என்று பலவற்றில் வேலை செய்திருக்கிறேன். முற்றிலும் இலவசம் என்று அறிவித்த முகாம்களுக்கும் வராத பிள்ளைகள் இருந்தார்கள். பெயர் கொடுத்துவிட்டு அன்று காலையில் வராமல் விட்டவர்கள் அவர்களிலும் அதிகம். வீட்டுக்குப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து கேட்டால்தான் காரணம் வெளியே வரும். அந்தக் காரணங்களின் வரிசையில் கட்டணம் கடைசியில்தான் நிற்கும்.

வீண் செலவா என்ற கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அப்படிக் கேட்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். 2016ஆம் ஆண்டின் குடும்ப வருமான செலவின ஆய்வில் நாட்டிலேயே வறுமை கூடிய மாவட்டமாகக் கிளிநொச்சி இருந்தது. அங்கே 18.2 வீதம், நாட்டின் சராசரி 4.1 வீதம். வறுமைக் கோட்டைத் திருத்தி 2019ஆம் ஆண்டுக்குக் கணித்தபோது முல்லைத்தீவில் 44.5 வீதம், நாடு முழுவதற்கும் 14.3 வீதம். அதன் பிறகு 2022இன் பொருளாதார நெருக்கடி வேறு வந்தது. இப்படிப்பட்ட இடத்தில் சோறும் கொப்பியும் முதலில் என்று நினைப்பது நியாயமானது.

ஆனால் கொப்பிக்கும் புத்தகத்துக்கும் வழிகள் ஏற்கெனவே இருக்கின்றன. 1945இல் தொடங்கிய இலவசக் கல்வியின் தொடர்ச்சியாகப் பாடநூலும் சீருடையும் அரசிடமிருந்து வருகின்றன. கொப்பி, பை, சைக்கிள் கொடுக்கப் பழைய மாணவர் சங்கங்களும் கோயில்களும் உங்களைப் போன்ற ஒன்றியங்களும் முன்வருகின்றன. பாடசாலை மூடியிருக்கும் வாரங்களைப் பற்றி நினைப்பவர்களோ மிகச் சிலர். அந்த வாரங்களில்தான் வசதியுள்ள பிள்ளைக்கும் வசதியற்ற பிள்ளைக்கும் இடையிலான தூரம் கூடுகிறது. ஒரு பிள்ளை யாழ்ப்பாணத்தில் மாமா வீட்டில் நின்று நீச்சலோ ஆங்கிலமோ பழகிவிட்டு வருகிறது. இன்னொரு பிள்ளை சிறுபோக வயலில் குருவி கலைக்கிறது, கடற்கரையில் கரைவலை இழுப்பவர்களோடு கயிறு பிடிக்கிறது, அல்லது அம்மா கூலிக்குப் போக, தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கிறது. ஆரம்பப் பிரிவில் பலருக்குப் பாடசாலையில் கிடைக்கும் உணவும் அந்த நாட்களில் இல்லை. பிறகு தவணை தொடங்கிய முதல் கிழமையில் 'விடுமுறையை நான் கழித்த விதம்' என்று கட்டுரை எழுதச் சொல்கிறோம். வெற்றுத்தாளை வைத்துக்கொண்டு பக்கத்துப் பிள்ளையின் கட்டுரையைப் பார்த்து எழுதும் பிள்ளைகளை வகுப்பில் நின்ற எந்த ஆசிரியருக்கும் தெரியும்.

விடுமுறை முகாம் என்ற யோசனையே ஏழைப் பிள்ளைகளை நினைத்து வளர்ந்ததுதான். 1876இல் சூரிச் நகரில் ஹெர்மன் வால்ட்டர் பியோன் என்ற போதகர், நெருக்கமான நகரத் தெருக்களில் வளர்ந்த நலிந்த பிள்ளைகளை மலைப்பக்கத்துக்கு அழைத்துச் சென்றார். அடுத்த ஆண்டு வில்லார்ட் பார்சன்ஸ் என்ற போதகர் நியூயோர்க் நகரப் பிள்ளைகளைப் பென்சில்வேனியாவின் ஷெர்மன் என்ற சிற்றூருக்கு வரவழைத்து, அங்குள்ள குடும்பங்களோடு தங்கவைத்தார். அதிலிருந்து வளர்ந்த நிதியம் இன்றும் இயங்குகிறது. எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது 1907 ஓகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில், சாரணியத்தை உருவாக்கிய பேடன் பவல் நடத்திய பாசறை. சுமார் இருபது பையன்கள். பணக்காரப் பாடசாலைகளிலிருந்து வந்தவர்கள் ஒரு பவுண் கட்டினார்கள். தொழிலாளர் வீட்டுப் பையன்கள் மூன்று ஷில்லிங் ஆறு பென்ஸ் கட்டினார்கள், அதாவது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் ஒரே கூடாரம், ஒரே சாப்பாடு, கலந்து பிரித்த அணிகள். 1912இல் மாத்தளையில் தொடங்கி இலங்கைக்கு வந்த சாரணியத்தின் வேரில் இந்த ஏற்பாடு இருக்கிறது. உங்கள் ஒன்றியத்துக்கு ஒரு முன்மாதிரி வேண்டுமென்றால் இதைத்தான் காட்டுவேன்.

இனி, பிள்ளையை வீட்டில் நிறுத்துபவை.

பாண்டியன்குளம், நட்டாங்கண்டல், ஐயன்கன்குளம் பக்கத்துப் பிள்ளைக்கு முகாம் நடக்கும் இடத்துக்கு வந்து சேர்வதே ஒரு நாள் வேலை. காலையில் ஒரு பஸ், அதைத் தவறவிட்டால் முச்சக்கரவண்டி. அந்த வாடகை சில வேளைகளில் முகாம் கட்டணத்தையே தொட்டுவிடும். பிள்ளையைக் கொண்டுவந்து விடும் பெரியவருக்கும் போகவர பஸ் காசு வேண்டும். அவருக்கு அன்றைய கூலியும் இல்லை. முடிவு நாளில் கூட்டிப்போக வரும்போது இன்னொரு கூலி போகிறது. இந்தக் கணக்கை எந்த விண்ணப்பப் படிவமும் கேட்பதில்லை.

அடுத்தது பொருட்கள். 'கொண்டுவர வேண்டியவை' என்று ஒரு தாளை அனுப்புவோம்: இரண்டு துவாய், படுக்கை விரிப்பு, சப்பாத்து, மாற்று உடுப்பு நான்கு, பற்தூரிகை, தண்ணீர்ப் போத்தல், டோர்ச். எழுதுபவருக்கு இது சாதாரணம். வீட்டில் எல்லாருக்கும் சேர்த்து ஒரே துவாய் இருக்கும் குடும்பத்துக்கு அந்தத் தாள் ஒரு மறுப்புக் கடிதம். வளர்ந்த பெண் பிள்ளைகள் வராமல் விடுவதற்கு உள்ளாடை போதாமையும் மாதவிடாய்த் துவாய் இல்லாமையும் எத்தனையோ தடவை காரணமாக இருந்திருக்கின்றன. அதைப் பிள்ளை யாரிடமும் சொல்லாது. "காய்ச்சல்" என்று சொல்லிவிட்டு நின்றுவிடும்.

மூன்றாவது, பிள்ளை வீட்டில் செய்யும் வேலை. பன்னிரண்டு வயது மூத்த பிள்ளை போய்விட்டால் சின்னவர்களை யார் பார்ப்பது? காலை இழந்த அப்பாவுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பது யார்? இதற்குக் காசு கொடுத்துத் தீர்வு காண முடியும் என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஆள்தான் வேண்டும். அதே கிராமத்தில் மாதர் சங்கத்தில் இருக்கும் ஒருவரோ, சித்தியோ பெரியம்மாவோ அந்த நாட்களில் வந்து நிற்க ஏற்பாடு செய்து, அவருக்கு ஒரு சிறு கொடுப்பனவு வைத்தால் தாய் சம்மதிக்கிறார். அதேபோல் சிறுபோக அறுவடை நடக்கும் வாரத்தில் இரணைமடுக் குளத்தின் கீழ்ப் பக்கத்து ஊர்களில் முகாம் வைத்தால் பிள்ளை வராது, வரவும் கூடாது. ஓகஸ்ட் 15 மடுத் திருவிழாவை ஒட்டிய நாட்களையும் தவிர்க்க வேண்டும். நாள் குறிப்பதற்கு முன்னர் ஊரில் கேட்பதற்குச் செலவே இல்லை.

இவற்றையெல்லாம்விடப் பெரியது தாயின் பயம். இதைப் புலத்தில் இருப்பவர்கள் பொறுமையாக விளங்கிக்கொள்ள வேண்டும். இன்று முகாமுக்கு வரும் வயதிலுள்ள பிள்ளைகள் 2009இற்குப் பின் பிறந்தவர்கள். அவர்களுக்குப் போர் கேள்விப்பட்ட கதை. ஆனால் தாய் அந்தப் பதுங்குகுழிகளில் இருந்தவர், மனிக்பாம் அகதி முகாமில் தறப்பாளின் கீழ் இருந்தவர். வீட்டை விட்டுப் போன அண்ணனோ அக்காவோ திரும்பி வராத குடும்பத்தில் வளர்ந்தவர். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில், கந்தசுவாமி கோயில் முன்றலில், தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அந்த மாவட்டத்தில் நின்றுகொண்டு "ஒரு கிழமைக்குப் பிள்ளையை எங்களோடு விடுங்கள்" என்று நாம் கேட்கிறோம். "பிள்ளை பக்கத்தில் இல்லாவிட்டால் எனக்கு நித்திரை வராது, ரீச்சர்" என்று ஒரு தாய் சொன்னால், அவரிடம் விளக்கம் சொல்லக் கூடாது.

அதற்கு நான் கண்ட வழி, முதல் ஆண்டில் இரவு தங்காத முகாம். ஊர்ப் பாடசாலையிலேயே காலையில் தொடங்கி மாலையில் முடியும். தாய்மார் சமையலுக்கு வரலாம், பார்க்கலாம், மரத்தடியில் உட்காரலாம். அடுத்த ஆண்டு அதே பிள்ளைகளுக்கு ஓரிரவு. அதற்கடுத்த ஆண்டு வெளியூரில் நான்கைந்து நாள். இரவு தங்கும் முகாமில் மாலையில் குறித்த நேரத்தில் ஒவ்வொரு பிள்ளையும் வீட்டோடு பேச வேண்டும். தொலைபேசி இல்லாத வீட்டுக்குப் பக்கத்து வீட்டு எண்ணை முதலே வாங்கி வைக்க வேண்டும். எந்த நேரமும் பெற்றோர் வந்து பிள்ளையைக் கூட்டிப்போகலாம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். இப்படிச் சொன்ன இடங்களில் கூட்டிப்போனவர்கள் அரிது.

ஆகவே "எதற்கெல்லாம் கொடுப்பது" என்பதற்கு என் பதில்: கட்டணம், பிள்ளைக்கும் கொண்டுவந்து விடுபவருக்கும் போக்குவரத்து, பொருட்பை, வீட்டில் மாற்றாள். கட்டணத்தின் அரைப்பங்கையாவது இவற்றுக்கென்று மேலதிகமாக ஒதுக்குங்கள். தொலைவான ஊர்களுக்கு அதுவும் போதாது. உங்களிடம் இருக்கும் காசுக்கு முப்பது பிள்ளைகளின் கட்டணத்தைக் கட்டலாம், அல்லது பதினெட்டுப் பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் செய்யலாம் என்றால், பதினெட்டைத் தெரிவு செய்யுங்கள். முப்பது என்று அறிக்கையில் எழுதினாலும் வந்து சேர்வது அதில் பாதியாகத்தான் இருக்கும். வராமல் போவதும் மிகவும் கஷ்டப்பட்ட பாதிதான்.

யாரைத் தெரிவு செய்வது என்பதில் நிதானம் வேண்டும். ஒவ்வொரு கிராமத்திலும் எல்லா உதவிகளுக்கும் முதலில் சொல்லப்படும் சில பெயர்கள் இருக்கும். அவர்கள் பொய்யாக வறியவர்கள் அல்லர். ஆனால் அதே வீட்டுக்கே சைக்கிளும் பையும் முகாமும் போய்ச் சேர, நாலு வீடு தள்ளி இருக்கும் பிள்ளையை யாரும் காண்பதில்லை. சமுர்த்திக்குப் பதிலாக 2023இல் வந்த அஸ்வெசும என்ற அரச உதவித் திட்டத்தின் பட்டியலை மட்டும் பார்த்தாலும் போதாது. பட்டியலில் பெயர் இல்லை என்பதால் அந்த வீட்டில் கஷ்டம் இல்லை என்று ஆகிவிடாது. நுண்கடன் தவணைக்காரர் கிழமைக்கிழமை வாசலில் வந்து நிற்கும் வீடு வெளியிலிருந்து பார்க்கக் கல்வீடாகத்தான் தெரியும்.

நான் விரும்பும் முறை இது. மூன்று பேரிடம் தனித்தனியாகப் பெயர் கேளுங்கள்: வகுப்பாசிரியர், வீடுவீடாகப் போகும் குடும்பநல உத்தியோகத்தர், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் நீண்ட நாள் இருப்பவர். ஒருவர் பிள்ளையின் வரவு இடாப்பைப் பார்க்கிறார், ஒருவர் அடுப்படியைப் பார்க்கிறார், ஒருவர் கடனைப் பார்க்கிறார். ஒருவர் சொன்னதை மற்றவருக்குக் காட்டாதீர்கள். இரண்டு பட்டியல்களில் வரும் பெயர்கள் முதலில். ஒரேயொரு பட்டியலில் மட்டும் வந்த பெயர்களையும் கழித்துவிடாமல் விசாரியுங்கள். பல நேரம் அங்கேதான் யாரும் கவனிக்காத பிள்ளை இருக்கும். தாய் மத்திய கிழக்கில் வீட்டு வேலையில் இருக்க அம்மம்மாவோடு வளரும் பிள்ளை, மாற்றுத்திறனாளியான பெற்றோரைப் பராமரிக்கும் பிள்ளை, போன தவணையிலிருந்து பாடசாலைக்கு வராமல் நின்றுவிட்ட பிள்ளை எல்லாம் அப்படித்தான் அகப்படும். 1958, 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பங்களைத் தனியாக நினைவில் வையுங்கள். அவர்களில் பலர் இன்றும் காணி இல்லாமல் கூலி வேலையில் இருக்கிறார்கள். ஊர்ச் சங்கங்களின் கதிரைகளில் அவர்கள் இருப்பது குறைவு. ஆகவே சங்கம் சொல்லும் பெயர்களிலும் அவர்களுடைய பிள்ளைகள் இருப்பது குறைவு.

புலமைப்பரிசில் என்ற பெயரை மட்டும் இதற்கு வைத்துவிடாதீர்கள். ஐந்தாம் தரப் பரீட்சையின் நினைவில், புள்ளி கூடிய பிள்ளைக்குரியது என்று பெற்றோர் ஒதுங்கிவிடுவார்கள். ஆசிரியர்களும் கெட்டிக்காரப் பிள்ளைகளையே அனுப்பிவைப்பார்கள். வயதைப் பொறுத்தவரை தரம் 6 முதல் 9 வரை என்று வைத்துக்கொள்வது நல்லது. ஐந்தாம் தரப் பரீட்சை முடிந்திருக்கும், சாதாரண தரத்தின் நெருக்குதல் இன்னும் வந்திருக்காது, பாடசாலையை விட்டு விலகும் ஆபத்தும் அந்த வயதில்தான் தொடங்குகிறது. பதினாறு வயது வரை கல்வி கட்டாயம் என்று சட்டம் சொன்னாலும், எட்டாம் ஒன்பதாம் தரங்களில் மேசைகள் வெறுமையாவதைக் கண்கூடாகக் காண்கிறோம். முகாமில் ஒரு நல்ல வாரத்தைக் கண்ட பிள்ளை அடுத்த தவணைக்கு வருவதற்கு ஒரு காரணம் கூடுகிறது.

ஒரு விடயத்தில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். தன் வறுமையை விவரித்துக் கடிதம் எழுதும்படி எந்தப் பிள்ளையிடமும் கேட்காதீர்கள். "அப்பா இல்லை, வீடு ஒழுகும், எனக்கு உதவுங்கள்" என்று பதினொரு வயதுப் பிள்ளை எழுதி, அதைப் பத்துப் பேர் வாசித்து, தகுதி பார்த்துப் புள்ளி போடுவது கொடுமை. படிவம் ஒரு பக்கம் போதும். அதைத் தாயோ பாதுகாவலரோ சொல்ல, ஆசிரியர் நிரப்பட்டும். என்ன தேவை என்று கேளுங்கள். ஏன் இல்லை என்று கேட்க வேண்டியதில்லை.

புகைப்படமும் அப்படித்தான். கொடுத்தவரின் பெயர் எழுதிய பதாகையின் கீழே, கையில் பையுடன், சிரிக்கச் சொல்லி நிறுத்தப்பட்ட பிள்ளைகளின் படங்கள் வருடாவருடம் முகநூலில் வருகின்றன. அந்தப் படத்தை அதே வகுப்புப் பிள்ளைகளும் பார்க்கிறார்கள். பெரியவர்கள் மறந்துவிடுவார்கள். அந்தப் பிள்ளை உயர்தரம் படிக்கும் காலத்திலும் யாரோ அதை எடுத்துக் காட்டிக் கேலி செய்வார்கள். நன்றி சொல்லி மேடையில் பேசவைப்பதும் வேண்டாம். உங்களுக்குக் கணக்கு வேண்டும், அது உங்கள் உரிமை. எத்தனை பிள்ளைகள் வந்தார்கள், எத்தனை பேர் கடைசி நாள் வரை நின்றார்கள், எதற்கு எவ்வளவு செலவானது, என்னென்ன நடந்தன என்று எழுத்தில் கேளுங்கள். பற்றுச்சீட்டுகளின் பிரதியைக் கேளுங்கள். முகம் வேண்டாம், பெயரும் வேண்டாம்.

இதன் அடுத்த படிதான் பிரவுன்சீயில் நடந்தது. ஏழைப் பிள்ளைகளுக்கென்று தனி முகாம் வைப்பதைவிட, காசு கட்டுபவர்களும் கட்டாதவர்களும் கலந்த முகாமை ஆதரியுங்கள். கிளிநொச்சி நகரத்துக் கடைக்காரரின் மகளும், அரச உத்தியோகத்தரின் மகனும், முழங்காவில் கடற்றொழிலாளியின் பிள்ளையும் ஒரே அணியில் இருக்கட்டும். யார் எவ்வளவு கட்டினார் என்பது கணக்குப் பார்க்கும் இருவருக்கு மட்டும் தெரியட்டும். முகாமை நடத்தும் ஆசிரியர்களுக்குக்கூடத் தெரிய வேண்டியதில்லை. துவாய், விரிப்பு, சவர்க்காரம், போத்தல், தொப்பி எல்லாம் அடங்கிய ஒரே மாதிரியான பையை வாசலில் வைத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்துவிடுங்கள். வசதியுள்ள பிள்ளைக்கும் சேர்த்துக் கொடுப்பது வீணில்லையா என்று கேட்பார்கள். அந்த மேலதிகச் செலவுதான் மற்றப் பிள்ளையின் மானத்துக்கான விலை, அது மலிவு. முழுவதையும் இலவசமாக வாங்கக் கூச்சப்படும் குடும்பங்களும் வன்னியில் நிறைய இருக்கின்றன. அவர்கள் ஒரு கொத்து அரிசியோ, இரண்டு தேங்காயோ, ஒரு கட்டு முருங்கைக்காயோ கொண்டுவந்து சமையலறையில் கொடுத்தால் மனநிறைவோடு வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அதைக் கேட்டு வாங்காதீர்கள்.

பாதுகாப்பில் சில விடயங்களைக் காசு கொடுப்பவர்கள்தான் நிபந்தனையாக வைக்க முடியும். நடத்துபவர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் வையுங்கள். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது. பெண் பிள்ளைகளுக்குப் பெண் பொறுப்பாளர்கள், தனி உறங்கிடம், உள்ளே தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை. பாடசாலையூடாகப் போகும் பிள்ளைகளுக்கு அதிபரின் அனுமதியும் வலயக் கல்விப் பணிமனையின் அனுமதியும் எழுத்தில். பிரதேச செயலகத்தில் இருக்கும் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தருக்கு முன்கூட்டியே அறிவித்தல். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்தை முதல் நாளே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஓகஸ்ட் என்பது சோளகம் வீசும் வறண்ட மாதம், கிணறுகள் அடியில் போய்விடும். குடிநீருக்கு என்ன ஏற்பாடு என்று கேட்காமல் இடத்தை ஒப்புக்கொள்ளாதீர்கள். குளம் வற்றியிருக்கிறது என்று பிள்ளைகளை இறக்கக் கூடாது. சேறும், மண் அகழ்ந்த குழிகளும் உயிரை வாங்கியிருக்கின்றன. கண்ணிவெடி அகற்றி விடுவிக்கப்பட்ட இடம் என்று உறுதியாகத் தெரியாத காட்டுக்குள் நடைபயணம் வேண்டவே வேண்டாம்.

முகாமுக்குள் என்ன நடக்க வேண்டும் என்பதை அங்கே இருக்கும் ஆசிரியர்களிடம் விட்டுவிடுங்கள். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்வேன், அதை இன்னொரு தனியார் வகுப்பாக ஆக்கிவிட வேண்டாம். ஒரு நாளைப் பல்கலைக்கழகத்துக்கு ஒதுக்கினால் நல்லது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில்தான் இருக்கின்றன. 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாப் பல்கலைக்கழகம் பம்பைமடுவில் இருக்கிறது. அந்த மதிலுக்கு வெளியே பஸ்ஸில் போய்வரும் எத்தனையோ பிள்ளைகள் உள்ளே கால் வைத்ததில்லை. அதே ஊர்ப் பின்னணியிலிருந்து வந்த மாணவி ஒருத்தி ஆய்வுகூடத்தைச் சுற்றிக் காட்டினால், அது எந்த அறிவுரையும் செய்யாததைச் செய்யும்.

ஒரே பிள்ளையை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அழைப்பதா, ஆண்டுக்கு ஆண்டு புதிய பிள்ளைகளா என்று அடுத்ததாக உங்களுக்குள் விவாதம் வரும். தொடர்ந்து அழைப்பதையே நான் ஆதரிப்பேன். முதல் ஆண்டில் பிள்ளை வாய் திறக்காது, சாப்பாட்டைக் கூட ஒளித்து ஒளித்துச் சாப்பிடும். இரண்டாம் ஆண்டில் நண்பர்களைத் தேடி வரும். மூன்றாம் ஆண்டில் புதிய பிள்ளைக்குப் படுக்கும் இடத்தைக் காட்டிக் கொடுக்கும். சாதாரண தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் அந்தப் பிள்ளையையே துணைப் பொறுப்பாளராக எடுத்து, சிறு கொடுப்பனவும் கொடுங்கள். அதற்கென்று ஆரம்பத்திலிருந்தே ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள்.

காசை அனுப்பும் வழி எளிது. தனியாள் கணக்குக்கு அனுப்பாதீர்கள், அவர் உங்கள் சொந்தச் சகோதரராக இருந்தாலும். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கணக்கோ, பிரதேச செயலகத்தில் பதிவுள்ள சங்கத்தின் கணக்கோ, இருவர் கையெழுத்துடன் இருக்க வேண்டும். போக்குவரத்துக் காசைப் பிள்ளை புறப்படுவதற்கு முன்னரே வீட்டில் கொடுத்துவிட வேண்டும். "பிறகு பற்றுச்சீட்டைக் காட்டி வாங்குங்கள்" என்றால் முதலில் போட அவர்களிடம் காசு இல்லை.

நாள் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். தவணை நாட்களைக் கல்வி அமைச்சு ஆண்டுதோறும் அறிவிக்கும், கடந்த ஆண்டுகளில் அவை முன்பின்னாக மாறியும் இருக்கின்றன. ஆகவே அறிவித்தல் வந்ததும் அதை வைத்தே நாளைக் குறியுங்கள். ஓகஸ்ட் முகாம் என்றால் சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னரே உங்கள் ஒன்றியம் தொகையை உறுதி செய்ய வேண்டும். வைகாசியில் பெயர்கள் சேர வேண்டும், ஆனியில் வீடுகளுக்குப் போய்த் தாய்மாரோடு பேச வேண்டும். ஜூலை முடிவதற்குள் பைகள் தைத்து முடிய வேண்டும். பைகளைத் தைக்கும் வேலையை, தையல் இயந்திரம் வைத்திருக்கும் அந்த ஊர்ப் பெண்களிடமே கொடுங்கள். விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.